சம்பு தின்ற நான்கு நாட்கள்

பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் மதிய இடைவேளை அரை மணி நேரம். தட்டில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்க, கைபேசிக்கு வந்த ஒரு கடிதத்தை அன்று திரும்பத் திரும்பப் படித்தேன். எப்போதாவது நான் எழுதும் தமிழ் இணைய இதழுக்கு வந்த கடிதம். ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார்.

"வணக்கம். சம்பு பற்றி நீங்கள் எழுதியதை என் கணவர் போனில் சேமித்து வைத்திருந்தார். போன ஐப்பசியில் அவர் கொல்லிமலையில் கால் உடைந்து கிடந்து இறந்துபோனார். வயிற்றில் ஏதோ செடி இருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சம்பு விஷமா? விஷம் என்றால் விஷம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். கோகிலா, பேளுக்குறிச்சி."

அந்தக் கட்டுரையை இரண்டு வருடங்களுக்கு முன்பு எழுதினேன். என்னோடு வேலை பார்க்கும் ஐலா என்ற பெண், பனி உருகியதும் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவாள். அங்கே சம்பு ஆள் உயரத்துக்கு நிற்கும். கம்பங்கதிரைப் பழுப்புச் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல உச்சியில் ஒரு கதிர். நம் ஊர்க் குளங்களிலும் நிற்பதுதான். சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். ஐலா குருத்தைப் பிடுங்கி, மட்டையை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைக் கடிக்கக் கொடுப்பாள். பசித்த காலங்களில் அவர்கள் ஊரில் அதன் கிழங்கை இடித்து, நீரில் அலசி, அடியில் தங்கும் மாவை ரொட்டியில் கலந்தார்களாம். இளம் கதிரை வேகவைத்துச் சோளக்கதிர் மாதிரி கடிக்கலாம். மஞ்சள் மகரந்தத்தை மாவோடு பிசையலாம். முற்றிய கதிரின் பஞ்சில் தீ சட்டென்று பிடிக்கும். இலையை முறுக்கினால் கயிறு. காட்டில் வழி தவறியவனுக்கு இந்த ஒரு செடி போதும் என்று உற்சாகமாக எழுதியிருந்தேன்.

அனுப்பும் முன் ஒரு பத்தியை வெட்டினேன். சம்பு மாதிரியே நீண்ட இலை விட்டு, அதே ஈரத்தில் வளரும் விஷச் செடிகள் பற்றிய பத்தி அது. பழைய கதிர் நிற்காத புதரில் கை வைக்காதீர்கள், கசந்தால் உடனே துப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கட்டுரையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

கோகிலாவுக்குப் பதில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. "சம்பு விஷம் இல்லை. ஆனால் அவர் தின்றது சம்புதானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது." அன்றைக்கே பதில் வந்தது. "அப்படியென்றால் வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஏன் போகிறாய் என்று ஐலா கேட்டபோது, தெரிந்தவர் வீட்டில் ஒரு சாவு என்றேன்.

பேளுக்குறிச்சியில் நான் இறங்கிய அன்று சந்தை. மிளகும் சீரகமும் கடுகும் சாக்குச் சாக்காய்த் திறந்து கிடந்தன. காற்றே காரமாக இருந்தது. பதினான்கு வருடமாக நான் சமைப்பது கண்ணாடிக் குப்பியில் அடைத்த மிளகில். இங்கே ஒரு அம்மா கை நிறைய மிளகை அள்ளி, "வாயில போட்டுப் பாருங்க, அப்பறம் பேசுங்க" என்று நீட்டினாள். ஒன்றைக் கடித்ததற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏனுங்க, பின்லாந்து அக்காங்களா?"

திரும்பினேன். கோகிலாதான். நாற்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் துணிப்பை. என் கண்ணில் நீரைப் பார்த்துவிட்டு, நான் அழுவதாக நினைத்திருக்க வேண்டும். "வாங்க, ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அது அவள் அம்மாவின் வீடு. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோற்றில் நெய் ஊற்றிப் போட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் கணவர் செல்வராசு. ஊர் முள்ளுக்குறிச்சி. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பாக்கும் போட்டிருந்த விவசாயி. எதையாவது படித்துக்கொண்டே இருக்கிற ஆள். செடி கொடி என்றால் உயிர்.

"அன்னைக்குக் காலையில சோறு போட்டு வெச்சுட்டுக் கூப்புடறேன், வரவே இல்லீங்க. போனையே பாத்துட்டு இருந்தாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அந்தப் போனையே கட்டிக்கிட்டு அழு, நான் எதுக்கு இந்த ஊட்லன்னு கத்திட்டேன். அவரும் கத்துனாரு. சாப்புடாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்டுச்சு."

பாக்கு மரத்தில் ஏற்றிவிட மிளகுக் கொடி வாங்கலாம் என்று அவர் மலைக்குப் போயிருக்கிறார். அது யாருக்கும் தெரியாது. சேலத்திலும் ராசிபுரத்திலும் தேடியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் மலையிலிருந்து செய்தி வந்தது. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் குறுக்கு வழியில் தோட்டத்துக்கு இறங்கியவர், மழையில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்.

"போஸ்ட்மார்ட்டம் பேப்பர்ல கால் முறிவு, ரத்தம் போனது, எல்லாந்தான் எழுதியிருந்துச்சு. அவரோட அண்ணன், எங்க மூத்தார் கண்ணுக்கு ஒரே வரிதான் பட்டுச்சு. வயித்துல ஏதோ செடி. சண்டை போட்டு அனுப்புனா, போயி விஷச் செடியத் தின்னுட்டான்னு சொல்லிப்போட்டாருங்க. நான் இருந்தா ஊட்ல யாரும் சாப்புட மாட்டேங்கறாங்க. பாப்பா ஒன்பதாவது படிக்கிது. ஸ்கூலு அங்கதான். அது அங்க இருக்குது, நான் இங்க இருக்கறேன்."

அவள் அழவில்லை. ஒரு விண்ணப்பத்தை வாசிப்பதுபோலச் சொன்னாள். செல்வராசுவின் கைபேசியை எடுத்துக் காட்டினாள். கண்ணாடி ஒரு மூலையில் நொறுங்கியிருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு சார்ஜ் போட்டதும் முதலில் வந்து நின்றது என் கட்டுரையாம். அந்த நொறுங்கிய கண்ணாடிக்குள் என் பெயரைப் பார்த்தேன். வெட்டிய பத்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முதலில் இடத்தைப் பார்க்கலாம் என்று எனக்கு நானே தவணை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மலைக்குப் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கிய நான் பதினாறில் கணக்கை விட்டேன். ஓட்டுநர் ஒரு கையால் திருப்பிக்கொண்டே மறுகையால் நெற்றியைத் துடைத்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் நிம்மதியாகத் தூங்கினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை மட்டும் சரியான பக்கம் சாய்ந்தது.

பாதி மலையில் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பியது. எல்லாரும் இறங்கினோம். பின்லாந்தில் பஸ் இரண்டு நிமிடம் தாமதித்தால் பலகையில் மன்னிப்பு ஓடும். மக்கள் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழும். இங்கே யாரும் சுருங்கவில்லை. ஒரு பெண் சாலையோரத் திட்டில் உட்கார்ந்து அவரைக்காய் ஆயத் தொடங்கினாள். தூங்கிய பெரியவர் கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டு, "வண்டிக்கும் மூச்சு வாங்குமல்ல" என்றார். கண்டக்டர் ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாய்க் கொண்டுவந்து ஊற்றினார். ஒன்றரை மணி நேரம் ஆகியும் வண்டி கிளம்பவில்லை. சிமெண்ட் மூட்டை ஏற்றி வந்த ஒரு சின்ன லாரியில் நானும் கோகிலாவும் தொற்றிக்கொண்டோம். மேலே போய் இறங்கியபோது எங்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய கோகிலா, பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிரித்தால் யாராவது பார்ப்பார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

சாலையோரக் கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம். பாறையில் ஒட்டி வளரும், ரோமம் படர்ந்த ஒரு கிழங்கு. பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்றார் கடைக்காரர். மிளகின் காரம் தொண்டையில் இறங்கிய பிறகுதான் லாரிக் காற்றில் ஏறிய குளிர் விட்டது.

திருப்புலி நாடு என்கிற அந்த மலை ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் பழனியம்மா. செல்வராசுவைக் கண்டுபிடித்தது அவர்தான். சாமையும் மிளகும் விளைவிக்கிற மலைக் குடும்பம். ஐம்பதை நெருங்கிய, திடமான பெண். கணவர் கீழே வேலைக்குப் போயிருந்தார். பஸ் கெட்டதில் பொழுது சாய்ந்துவிட்டதால், அன்று பள்ளத்தில் இறங்க முடியாது என்றார். "இங்கயே இருந்துக்கங்க. காலையில போலாம்."

சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார். எனக்கு மூன்று முறை பரிமாறினார். கோகிலாவின் தட்டில் போடும்போது மட்டும் அவர் பார்வை தட்டை விட்டு மேலே வரவில்லை. நேரில் பார்த்த சாவை அந்தப் பெண்ணின் முகம் ஞாபகப்படுத்துகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவப் போனபோது தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "உங்க ஊர்ல, ஒருத்தரு செத்துப் போனா, பாத்தவங்களையெல்லாம் போலீசு கூப்புட்டுக் கேக்குமுங்களா?"

"கேட்கும். தெரிந்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்."

"வுட்ருவாங்களா?" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து, மூட்டம் விலகியதும் கிளம்பினோம். பழனியம்மா கொடுவாளோடு முன்னால் இறங்கினார். மிளகுத் தோட்டம் தாண்டி, பலா மரங்கள் தாண்டி, வழி செங்குத்தாகிவிட்டது. பல இடங்களில் வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். கோகிலா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "இங்கதானுங்க சறுக்கியிருக்குது" என்று ஓர் இடத்தில் பழனியம்மா நின்றார். பாறைமேல் பாசி காய்ந்து கருத்திருந்தது. கோகிலா அதனருகில் போனாள். பாறையைத் தொடவில்லை. எட்டிக் கீழே பார்த்தாள்.

கீழே ஓடை பரந்து, கைவிடப்பட்ட பழைய வயல் ஒன்றில் தேங்கிச் சேறாகியிருந்தது. அந்தச் சேறு முழுக்கச் சம்பு.

பழுப்புக் கதிர்கள் உடைந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. என் ஏரிக்கரையில் பார்ப்பதுபோலவே இருந்தது. எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. சேற்றில் இறங்கி, கதிர் நிற்கும் புதரில் ஓர் இளங்குருத்தைப் பிடித்து இழுத்தேன். ஓடை நீரில் கழுவி, மட்டையை ஒவ்வொன்றாக உரித்தேன். வாழைத்தண்டுபோல உள்ளே வெள்ளைத் தண்டு வந்தது. மேலே சாக்கடையோ தொழிற்சாலையோ இல்லை. வீடு வயல்கூடத் தூரம்தான். நான் முதலில் கடித்துக் காட்டினேன். பிறகு கோகிலாவிடம் கொடுத்தேன்.

அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக் கடித்தாள்.

"வெள்ளரிப் பிஞ்சாட்டம் இருக்குதுங்க" என்றாள். "நல்லாத்தானுங்க இருக்குது." முகம் தெளிந்துவிட்டது. ஐந்து மாதமாக அவள் காத்திருந்த பதில் அது. "அப்ப இது விஷமில்லீங்க. இல்லீங்களாக்கா?"

"இல்லை."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். மூத்தாருக்குக் காட்ட ஒன்று பிடுங்கிக்கொள்கிறேன் என்றாள். ஓரமாக, மேடான இடத்தில் நின்ற புதரை நோக்கிப் போனாள். "இங்கயும் நெறைய இருக்குதுங்க" என்று இரண்டு கையாலும் இழுத்தாள்.

"அதைத் தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் பறவைகள் எழுந்தன. அவள் கையில் அது வேரோடு வந்துவிட்டிருந்தது. அதே நீண்ட இலை. அதே வெள்ளை அடித்தண்டு. ஆனால் அடியில் வெங்காயம்போல உருண்டை. விஷமூங்கில். பெயரில்தான் மூங்கில், எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும் கிழங்குச் செடி. பூ விடாத சமயத்தில், சம்பு பக்கத்தில் நின்றால், தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்றென்றுதான் நினைப்பார்கள். பகல் வெளிச்சத்தில், பதறாத மனதோடு நிற்கிற கோகிலாவே ஏமாந்துவிட்டாள். கால் உடைந்து, மழையில், பசியில் கிடந்தவர்?

கோகிலா அதைக் கீழே போட்டாள். போட்டதையே பார்த்தாள். எனக்குத் தோன்றியதுதான் அவளுக்கும் தோன்றியது.

"அப்ப இதத் தின்னிருப்பாருங்களா?"

இனி தள்ளிப்போட முடியாது. சேற்றில் நின்றபடியே சொன்னேன். இந்த மாதிரிச் செடிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், கட்டுரை அழகாக இருக்க வேண்டும் என்று அதை எடுத்துவிட்டேன், அவர் படித்தபோது அந்தப் பத்தி இல்லை என்று சொன்னேன். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தைக்கு அங்கே இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

கோகிலா கரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. "அவசரத்துல தின்னிருப்பாரு" என்று தனக்குத்தானே சொன்னாள். "காலையிலயும் சாப்புடலயே."

"அதெ அவரு தின்னலீங்க."

பழனியம்மா. இவ்வளவு நேரமும் பின்னால் பாறை ஓரத்தில் நின்றிருந்தவர். கொடுவாளைக் கீழே வைத்திருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். செத்துக் கிடந்தவரைத்தான் பார்த்ததாக அவர் போலீசிடம் சொல்லியிருந்தார்.

"நாம் பாக்கறப்ப உசுரோட இருந்தாருங்க."

அவர் கோகிலாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டுக்குத் தழை அறுக்க வந்தேன் கண்ணு. இந்தப் பாறையில சாஞ்சு உக்காந்திருந்தாரு. காலுக்கு ரெண்டு பக்கமும் குச்சி வெச்சு, இந்தச் சம்பு எலைய முறுக்கிக் கட்டியிருந்தாரு. சுத்தியும் உரிச்ச மட்டையாக் கெடந்துச்சு. தூரத்துல அந்தக் கெழங்கு ஒண்ணு, கடிச்சுத் துப்புனது. என்னையப் பாத்ததும் அதத்தான் கையக் காட்டிச் சொன்னாரு. அம்மா, அது கசக்குது, வாயில வெச்சுராதீங்க, இது நல்லாருக்குதுன்னு. என்னமோ நாந்தான் பசிச்சு வந்தவளாட்டம்."

கோகிலா தான் கீழே போட்ட கிழங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம் கேட்டாரு. ஏனுங்க, நாலு நாளா சப்புன்னு தின்னுட்டுக் கெடக்கறேன், உப்பு ஏதாச்சும் இருக்குதுங்களான்னு. எங்கிட்டத் தூக்குப்போசியில கஞ்சி இருந்துச்சு, உப்புப் போட்ட கஞ்சி. குடுத்தேன். நாலு மொடக்குக் குடிச்சாரு. அப்பாடான்னாரு. உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. கால் கருத்துப் போயிருந்துச்சு. ஊட்டுல தேடிட்டு இருப்பா, கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன், பயந்துக்குவா, மொதல்ல ஒரு போன் போடோணும்னாரு. நான் மேல ஓடுனேன். ஆளுகளக் கூட்டிக்கிட்டு, கட்டிலத் தூக்கிக்கிட்டு வாரதுக்குள்ள..."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபத்துக்கு என்ன உரிமை என்று பிறகுதான் யோசித்தேன்.

"நாங் குடுத்த கஞ்சியக் குடிச்சுத்தானுங்க செத்தாரு. நான் அப்படித்தான் நெனச்சேன். என்னத்தக் குடுத்தேன்னு கேப்பாங்க. வயித்துல என்னமோ இருக்குதுன்னு வேற சொன்னாங்க. கேசு ஆயிருமுன்னு பயம். பொணமாத்தான் பாத்தேன்னு சொல்லிப்போட்டேன், கூட வந்த ஆளுகளையும் அப்படியே சொல்லச் சொல்லிப்போட்டேன். அன்னையிலிருந்து அந்தப் போசியில நான் கஞ்சி கொண்டு போறதில்லீங்க."

"கஞ்சி யாரையும் கொல்லாது அம்மா" என்றேன். "காலில் புண் அழுகி, அதன் விஷம்தான் உடம்பில் ஏறியிருக்கிறது. காய்ச்சல் அதனால்தான். நீங்கள் கொடுத்தது நல்லதுதான்." நான் மருத்துவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோகிலா பழனியம்மாவின் பக்கம் நகர்ந்து கேட்டாள்.

"உப்பு நல்லாப் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் கண்ணு."

"அவருக்குத் தூக்கலா வேணுமுங்க. நான் போடற கொழம்புக்கெல்லாம் மேல ஒருக்கா போட்டுக்குவாரு. அதுக்கும் சண்டை போட்டிருக்கறேன்." அப்போதுதான் அழுதாள். அழத் தொடங்கியதும் அடக்க முடியவில்லை. பழனியம்மா அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் சற்றுத் தள்ளிப் போய், அவள் பிடுங்கிப் போட்ட விஷமூங்கிலை எடுத்து, யார் காலிலும் கையிலும் படாதபடி புதருக்குள் எறிந்தேன். பிறகு கையை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஏறும்போது கோகிலா என்னருகில் வந்தாள்.

"அக்கா, அவரு கடிச்சுப் பாத்துத் துப்பீட்டாரு. எல்லாரும் துப்புவாங்கன்னு இல்லீங்க. வெட்டுனத எழுதிப் போட்டுருங்க."

"போடுகிறேன்."

"இன்னைக்கே போடுங்க."

மேலே, மாரியம்மன் கோயில் திருப்பத்தில் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று கோகிலா தன் மூத்தார் துரைசாமியை அழைத்தாள். ஐந்து மாதமாக அவள் அழைப்பை அவர் எடுத்ததில்லை. அன்றும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை பழனியம்மா, "நம்பர எங்கிட்டக் குடு கண்ணு" என்று தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தார். துரைசாமி எடுத்தார்.

"நான் கொல்லிமலை பழனியம்மாங்க. உங்க தம்பிய மொதல்ல பாத்தவ." குரல் முதலில் தடுமாறியது. பிறகு தடுமாற்றம் நின்றுவிட்டது. "அன்னைக்குப் பொய் சொல்லிப்போட்டேனுங்க. உசுரோடதான் பாத்தேன். அவரு விஷம் தின்னலீங்க. பொழைக்கறதுக்குத்தான் தின்னாரு. ஊட்டுக்காரி பயந்துக்குவா, போன் போடோணும்னு சொன்னாரு. நாங் குடுத்த கஞ்சியக் குடிச்சாரு. போலீசு வந்து கேட்டாலும் இதயே சொல்றேனுங்க. கோகிலாப் புள்ள இங்கதான் நிக்கிது, நாளைக்கு எறங்குது."

மறுமுனையில் பேச்சே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பழனியம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு அவர் வைத்துவிட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்களே" என்றாள் கோகிலா.

"கேட்டுட்டாரல்ல" என்றார் பழனியம்மா.

அந்தக் கோயில் படியில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பத்தியை மறுபடி எழுதினேன். பழைய பத்தியில் பின்லாந்துச் செடிகள் இருந்தன. இதில் விஷமூங்கிலைச் சேர்த்தேன். போன வருடக் கதிர் நிற்கிற புதரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள், அடி வெங்காயம்போல உருண்டிருந்தால் எறிந்துவிடுங்கள், கசந்தால் விழுங்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தின்னாதீர்கள். அழகான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கட்டுரையின் தலையிலேயே போடச் சொல்லி ஆசிரியருக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் காலைப் பஸ்ஸில் இறங்கினோம். பழனியம்மா ஒரு சீப்பு மலை வாழையும் கொஞ்சம் மிளகும் கொடுத்தார். கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வருசத் திதிக்கு நான் வாரேன்" என்றார். "வாங்க" என்றாள் கோகிலா.

வளைவுகளில் அவள் தூங்கிவிட்டாள். அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தலை என் தோளில் விழுந்து கிடந்தது. நான் அசையவில்லை.

பஸ் முள்ளுக்குறிச்சி வழியாகத்தான் போகும். அவளுக்குப் பேளுக்குறிச்சி வரை டிக்கெட். முள்ளுக்குறிச்சி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது கண் விழித்தவள், ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தாள்.

கீழே ஒரு மனிதர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, சவரம் செய்யாத முகம். எந்த வண்டியில் வருவாள் என்று தெரியாமல் விடிந்ததிலிருந்தே நின்றிருக்க வேண்டும். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"மாமா" என்றாள் கோகிலா.

துரைசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் துரைசாமி கம்பி வழியாகக் கையை நீட்டி, அவள் மடியிலிருந்த துணிப்பையைப் பிடித்தார்.

"எறங்கு கண்ணு. பாப்பா ஸ்கூலுக்குப் போவாம உக்காந்திருக்குது. ஊட்டுக்குப் போலாம்."